பதினோரு அளவு, பத்து மேற்படி

சென்ற மாதம் சந்தானம் தொலைபேசியில் பேசினான். மின் பிரிவில் எனக்குப் பின்னால் சேர்ந்தவன். அவனுக்கே இப்போது ஓய்வுபெற மூன்று வருடம்தான் பாக்கி. "அண்ணா, இப்பல்லாம் விமானமே தனக்கு என்ன கோளாறுன்னு திரையில எழுதிக் காட்டிடுது. நாங்க படிச்சுட்டுப் பெட்டியை மாத்தறோம். நீங்க பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ் ஒண்ணு எழுதிக் கொடுங்க, சங்க மலர்ல போடலாம்" என்றான்.

எத்தனை பக்கம் என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றான். இஷ்டம் என்று விட்டால் எனக்கு எழுத வராது. எட்டுப் பக்கம் என்று நானே வைத்துக்கொண்டேன்.

முப்பத்து நான்கு வருடம் ஏழு மாதம் விமானங்களுக்கு வயர் பார்த்தேன். ஆனால் நான் பார்த்ததிலேயே கஷ்டமான கேஸ் அந்த முப்பத்து நான்கு வருடத்துக்குள் வரவில்லை. ஓய்வுபெற்று ஆறு வருடம் கழித்து, கீழ்க்கட்டளையில் ஒரு இரும்புக் குழாய்க் கடையின் பின்பக்கக் கொட்டகையில் வந்தது. அதில் கோளாறு இரண்டு. ஒன்று விமானத்தில் இருந்தது. மற்றது என் சட்டைப் பையில் இருந்தது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டப் போவதில்லை. இரண்டு வருடம். பதினான்கு பேர் சேர்ந்தோம், ஒன்பது பேர் மிஞ்சினோம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயில், இறங்கிப் பன்னிரண்டு நிமிட நடை. அங்கே கற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததைப் பரமசிவம் சாரிடம் கற்றேன்.

பரமசிவம் சார் எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில்: ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. நாம் ஓடிப்போய் "சார், பன்னிரண்டு புள்ளி ஒன்பது வோல்ட் காட்டுது" என்று சொன்னால் தலையை நிமிர்த்தாமல் கேட்பார்: "எங்கிருந்து? எங்கே வரைக்கும்?"

அதனால் அவருக்கு 'கண்டக்டர்' என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும். ஒருமுறை எங்கள் காதுபடவே சொன்னார்: "ஏறின இடம் சொல்லாம டிக்கெட் கேட்டா எந்த கண்டக்டர்டா கொடுப்பான்?"

அவர் சொன்னது இதுதான். வோல்ட் என்பது ஓர் இடத்தில் இருப்பதல்ல, இரண்டு இடங்களுக்கு நடுவே இருப்பது. மீட்டருக்கு இரண்டு முனை. சிவப்பு முனையை எங்கே வைத்தாய், கறுப்பு முனையை எங்கே வைத்தாய், இரண்டையும் சொன்னால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். அவருடைய பிரிவுப் பதிவேட்டில் ஒவ்வொரு அளவுக்கும் மூன்று கட்டம் இருக்கும். சிவப்பு முனை இருந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலிலும், கறுப்பு முனை இருந்த இடத்தைக் கறுப்புப் பென்சிலிலும் எழுத வேண்டும். மூன்றாவது கட்டத்தில்தான் எண்.

நான் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தில் சார்ஜ் குறைவு என்று வந்தது. எனக்கு இருபத்தாறு வயது, எல்லாம் தெரிந்த வயது. சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றினேன். குறைவு அப்படியே இருந்தது. மாற்றிய ரெகுலேட்டரும் கெட்டதாக இருக்கும் என்று முடிவு செய்து இன்னொன்றை மாற்றினேன். மூன்றாவதை வாங்கக் கிடங்குக்குப் போனபோது பரமசிவம் சார் அங்கே நின்றிருந்தார்.

"எங்கிருந்து, எங்கே வரைக்கும் அளந்தே?"

நான் அளக்கவே இல்லை. அவர் திட்டவில்லை. பதிவேட்டைத் திறந்து, என் கையாலேயே எழுதச் சொன்னார்: 'அளக்காமல் இரண்டு ரெகுலேட்டர் மாற்றினேன்.' கீழே கையெழுத்து, நேரம். பிறகு தன் டிபன் பெட்டியைத் திறந்து ஒரு வடையை என் பக்கம் தள்ளினார். "எழுதியாச்சுல்ல, முடிஞ்சுபோச்சு. சாப்பிடு." சாப்பிட்டுவிட்டுப் போய் அளந்தேன். ஒரு திருகு முக்கால் சுற்று தளர்ந்திருந்தது. அவ்வளவுதான்.

தப்பை மறைத்தவனை அவர் அடுத்த நாளே வேறு பிரிவுக்கு அனுப்பிவிடுவார். எழுதியவனை அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

நான் சேர்ந்து எட்டாவது வருடம் அவர் ஓய்வுபெற்றுப் போனார். அச்சடித்த புதிய படிவங்கள் வந்தன. அதில் கறுப்பு முனைக்குக் கட்டம் கிடையாது. தேவையும் இல்லை என்றார்கள். நாங்கள் பார்த்ததெல்லாம் அலுமினிய உடம்புள்ள விமானங்கள். பாட்டரியின் மைனஸை விமானத்தின் உடம்போடு சேர்த்திருப்பார்கள். கறுப்பு முனையை எந்த உலோகத்தில் வைத்தாலும் அது மைனஸ்தான். இருபத்தாறு வருடம் கறுப்பு முனையை எங்கே வைக்கிறேன் என்று பார்க்காமலே வைத்தேன். சாருக்கு மரியாதையாக என் சொந்த நோட்டில் மட்டும் மூன்று கட்டம் போட்டு வந்தேன். முதல் வரியின் நடுக் கட்டத்தில், விமானத்தின் உடம்பு என்பதற்கு, 'பாடி' என்று எழுதுவேன். அடுத்த வரியிலிருந்து 'மேற்படி', 'மேற்படி'. இந்த மேற்படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

ஓய்வுக்குப் பிறகு எனக்கு வேலை எண்ணுவதுதான். வீட்டு மாடிக்கு இருபத்திரண்டு படி. வெளியே கிளம்பும்போது காஸ் குமிழை மூன்று தரம் பார்க்கிறேன். என் மனைவி, "நாலாவது தரம் பார்த்தீங்கன்னா அதுவே பயந்து திறந்துக்கும்" என்கிறாள். பார்க்காமல் போனால் நிம்மதியில்லை, என்ன செய்ய.

சென்ற வருடம் வாசல் கேட்டுக்குக் கீல் வாங்கக் கீழ்க்கட்டளை போனேன். கடைக்காரர் ஏகாம்பரம், என்னைவிடப் பத்து வயது இளையவர். அந்த ஊரின் பழைய விவசாயக் குடும்பம். அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இவர் குழாய்க் கடை வைத்திருக்கிறார். கீலைத் தேடிய மேஜைமேல் பழுப்பும் வெள்ளையுமாக வயர்த் துண்டுகள் கிடந்தன. கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது. வீட்டு வயர் இல்லை, விமான வயர்.

"இது உங்களுக்கு எதுக்குங்க?"

"ஏரோப்ளேன் கட்டிக்கினு கீறேன் சார்" என்றார், கீலுக்குத் திருகு எடுத்தபடி.

பக்கத்தில் பில் எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி மல்லிகா தலையை நிமிர்த்தவில்லை. "ஊரே வூடு கட்டுது. இவரு ப்ளேன் கட்றாரு. ஆறு வருஷமா. கேக்கறவங்களுக்கு வாட்டர் டேங்க்னு சொல்லி வெச்சிருக்கேன்."

கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டு பேர் உட்காரும் விமானம். உடம்பு முழுக்கக் கண்ணாடி இழை. வெளிநாட்டிலிருந்து பகுதி பகுதியாகப் பெட்டிகளில் வந்ததை இவரே சேர்த்திருந்தார். எஞ்சின் தாங்கி, எஞ்சினையும் கேபினையும் பிரிக்கும் இரும்புத் தகடு, மிதி, கைப்பிடி என்று இரும்பாக இருந்ததற்கெல்லாம் கிண்டியில் கொடுத்துப் பளபளவென்று நீல நிறப் பவுடர் கோட்டிங் போட்டிருந்தார். ஒரு கீறல் கிடையாது. கையை வைத்துப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

"எல்லாம் ரெடி சார். ஒண்ணே ஒண்ணுதான் பேஜார் பண்ணுது. சார்ஜ் ஏற மாட்டேங்குது. பதினாலுக்கு மேல காட்டணும், பன்னண்டு எட்டுல நிக்குது. பெல்ட் மாத்திட்டேன். ஆல்டர்னேட்டரே புதுசு மாத்திட்டேன். அப்பவும் பன்னண்டு எட்டு."

'அளந்தீங்களா' என்று வாய்வரை வந்தது. இருபத்தாறு வயதில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி. அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் கட்டியது என்பதால் அதைப் பறக்கவிடக் காகிதங்கள் நிறைய. இரண்டு வருடம் அலைந்து அவற்றை வாங்கியிருந்தார். பறக்கும் இடம் இங்கே இல்லை. லாரியில் ஏற்றித் தெற்கே ஒரு தனியார் ஓடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் ஓட்டப்போவது அவருடைய ஒரே மகள் தேன்மொழி. வயது முப்பது. வெளியூரில் ஒரு பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். பத்து நாள் விடுப்பில் வந்திருந்தாள்.

இதில் நான் கவலைப்பட ஒரு காரணம் இருந்தது. அந்த எஞ்சினுக்குப் பெட்ரோல் தள்ளுவது இரண்டு மின்சார பம்ப். சார்ஜ் நின்றால் பாட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். பாட்டரி தீர்ந்தால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால் எஞ்சின் நிற்கும். மேலே போனபின் ஓரமாக நிறுத்திப் பார்க்க இடம் கிடையாது.

அந்த வாரமே மீட்டரோடு போனேன். கொட்டகைக்கு முன்னால் விமானத்தின் வாலை இரண்டு இரும்புத் தூணில் கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். சுழலும் இறக்கைக்கு முன்னால் யாரும் போய்விடக் கூடாது என்று மல்லிகா கோலமாவில் ஓர் அரை வட்டம் போட்டார். "இந்தக் கோட்டைத் தாண்டினா காலை ஒடிப்பேன்" என்று கணவரிடம் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன்.

எஞ்சின் ஓடும்போது அதன் பக்கத்தில் கையை நீட்டக் கூடாது. நீளமான வயர் இரண்டு செய்துகொண்டு போயிருந்தேன். எஞ்சினை நிறுத்தி, சிவப்பு முனையை ஓர் இடத்தில் மாட்டி, வயரைக் கேபினுக்குள் கொண்டுவந்து, நான் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்ததும் தேன்மொழி ஸ்டார்ட் செய்வாள். விளக்கு, ரேடியோ, இரண்டு பம்ப் எல்லாவற்றையும் போடுவாள். அளந்ததும் நிறுத்துவாள். எஞ்சின் பக்கம் ஐந்து இடம், ஐந்து ஸ்டார்ட். கேபினுக்குள் மீட்டர்கள் பதித்த பலகைப் பக்கம் ஆறு இடம், அவற்றை ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடலாம். ஆக ஆறு ஸ்டார்ட், பதினோரு அளவு.

கறுப்பு முனையின் க்ளிப்பை முதலிலேயே எஞ்சினைத் தூக்குவதற்கான கொக்கியில் மாட்டினேன். அதன்பின் தொடவில்லை.

ஆறு தரமும் ஸ்டார்ட்டர் முக்கி முனகித்தான் சுற்றியது. "புது பாட்டரிதானே?" என்று கேட்டேன். "போன மாசம் வாங்கினது சார்" என்றார் ஏகாம்பரம். நோட்டில் அதையும் குறித்தேன். குறித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் முனையில் 14.2. ஃப்யூஸுக்கு முன் 14.2. ஃப்யூஸுக்குப் பின் 14.1. இப்படியே பலகை வரைக்கும் பதினோரு அளவும் பதினான்குக்குக் கீழே இறங்கவில்லை. பலகையில் பதித்திருந்த வோல்ட் மீட்டர் மட்டும் 12.8 காட்டிக்கொண்டிருந்தது.

"மீட்டர்தான் பொய் சொல்லுது. சார்ஜெல்லாம் சரியா வருது" என்றேன்.

ஏகாம்பரம் கைகூப்பினார். "ரெண்டு மாசமா தூக்கம் இல்ல சார். ஒரு மீட்டருக்கா இம்மாம் பாடு!"

தேன்மொழி உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "அங்கிள், எஞ்சின் ஓடாதப்போ அந்த மீட்டரும் உங்க மீட்டரும் ஒரே அளவு காட்டுது. ரெண்டுமே 12.6. ஓடும்போது மட்டும் எப்படித் தப்பாகும்?"

நல்ல கேள்வி. பரமசிவம் சார் இருந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வடை கொடுத்திருப்பார். நான் சொன்ன பதில்: "அதிர்வும்மா. ஓடும்போது ஆடுது இல்ல? இந்தச் சின்ன மீட்டரெல்லாம் அப்படித்தான். முப்பத்து நாலு வருஷமா பார்க்கறேன்."

வருடக் கணக்கைச் சொன்னதும் அவள் வாதாடுவதை விட்டாள். "அப்ப மேலே போகும்போது அதைப் பார்க்க வேண்டாமா?" என்று கேட்டாள்.

"பார்க்க வேண்டாம். புது மீட்டர் வந்ததும் மாத்திக்கலாம்" என்றேன்.

மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, முழங்கால் வலிக்குக் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். என் டோக்கன் இருபத்து மூன்று. உள்ளே போயிருந்தது பதினான்கு. ஒரு ஆளுக்கு ஏழு நிமிடம் என்று கணக்குப் போட்டேன். சுவரில் பன்னிரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி. எண்ண வேறொன்றும் இல்லாமல் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

பதினோரு வரி. முதல் கட்டத்தில் பதினோரு வெவ்வேறு இடம். மூன்றாவது கட்டத்தில் பதினோரு எண். நடுக் கட்டத்தின் முதல் வரியில் 'எஞ்சின் கொக்கி'. அதற்குக் கீழே மேற்படி, மேற்படி, மேற்படி. எண்ணினேன். பத்து மேற்படி.

எங்கே வரைக்கும்?

எஞ்சின் கொக்கி வரைக்கும். பாட்டரி மைனஸ் வரைக்கும் அல்ல. பாட்டரி இருப்பது இருக்கைக்குப் பின்னால். நடுவே இருப்பது மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழை. அலுமினிய உடம்பு இல்லை. உடம்பே மைனஸ் என்பது அந்த விமானத்துக்குப் பொருந்தாது. அதில் மைனஸ் எஞ்சினிலிருந்து ஒரு பட்டை வயர் வழியாக இரும்புத் தகட்டுக்கு வந்து, அங்கிருந்து கேபிள் வழியாகப் பாட்டரிக்குப் போக வேண்டும். அந்த வழியை நான் ஒரு தரம்கூட அளக்கவில்லை. பிளஸ் பக்கம் பதினோரு அளவு, மைனஸ் பக்கம் பூஜ்யம்.

வோல்ட் காணாமல் போவது மைனஸ் வழியில் என்றால் எல்லாம் பொருந்தியது. என் மீட்டர் எஞ்சின் வரைக்கும் அளந்தது, அதனால் பதினான்கு. பலகை மீட்டர் பாட்டரி மைனஸ் வரைக்கும் அளந்தது, அதனால் பன்னிரண்டு எட்டு. எஞ்சின் ஓடாதபோது அந்த வழியில் மின்சாரம் போவதில்லை, அதனால் இரண்டும் ஒன்று. ஸ்டார்ட்டரும் அதே வழியில்தான் மின்சாரம் இழுக்கிறது, அதனால் முனகல். பலகை மீட்டர் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வழி முழுதாக விட்டுப்போனால் பாட்டரி தீரத் தொடங்கும், மீட்டர் இறங்கி இறங்கிக் காட்டும். அதைப் பார்க்க வேண்டாம் என்று ஓட்டப்போகிற பெண்ணிடம் நான் சொல்லியிருந்தேன்.

அன்றைக்குத்தான் லாரியில் ஏற்றுகிறார்கள்.

ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நான்கு தரம். தேன்மொழியின் எண்ணை நான் வாங்கி வைக்கவில்லை. எழுந்து நடந்தேன். வரவேற்பில் இருந்த பெண், "சார், டோக்கன் போயிடும்" என்றாள். போகட்டும் என்றேன். வாழ்நாளில் நான் விட்டுக்கொடுத்த ஒரே டோக்கன் அதுதான்.

ஆட்டோக்காரர் அஸ்தினாபுரம் வழியாகக் குறுக்கே விட்டார். பதினேழு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் முழங்கால் கத்தியது. கீழ்க்கட்டளையில் இறங்கியபோது லாரி கடை வாசலில் நின்றிருந்தது. இறக்கைகளைக் கழற்றிப் பக்கவாட்டில் சாக்கு சுற்றி அடுக்கியிருந்தார்கள். உடம்பு நடுவில். ஏகாம்பரம் மேலே நின்று கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், வழியனுப்ப வந்தீங்களா? முழங்கால் வலின்னீங்களே!"

"கயிறு கட்டாதீங்க. நான் சொன்னது தப்பு."

அவர் கை நின்றுவிட்டது. மல்லிகா கடைக்குள்ளிருந்து வெளியே வந்தார். தேன்மொழி லாரிக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"மீட்டர் சரி. நான்தான் தப்பா அளந்தேன். நீ கேட்ட கேள்விதாம்மா சரியான கேள்வி" என்றேன் அவளிடம்.

ஏகாம்பரம் மெதுவாகக் கேட்டார்: "அப்ப சார்ஜ் வரலையா?"

"வருது. பாட்டரிக்குப் போய்ச் சேரல."

மல்லிகா என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு அவ்ளோ தெம்பா சொன்னீங்களே சார். என் பொண்ணு மேல போயிருந்தா?" கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறினேன்.

லாரிமேல் எஞ்சினை ஓட்ட முடியாது. ஆனால் ஓட்டத் தேவையில்லை என்று ஆட்டோவிலேயே யோசித்து வைத்திருந்தேன். பயணத்துக்காக முன்னால் சுழலும் இறக்கையைக் கழற்றியிருந்தார்கள். பெட்ரோலையும் இறக்கியிருந்தார்கள். பொறி கொடுக்கும் சுவிட்சையும் அணைத்துவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் மூன்று நொடி சுற்றினால் போதும். அந்த மூன்று நொடி கனமான மின்சாரம் மைனஸ் வழியில் ஓடும். அடைப்பு இருந்தால் அங்கே காட்டும்.

மீட்டர் என்னிடம் இல்லை, டாக்டரிடம் மீட்டரோடு யார் போவார்கள். கடையில் விற்பனைக்கு இருந்த ஒன்றை மல்லிகா உறை கிழித்துக் கொடுத்தார். சிவப்பு முனையை எஞ்சின் உடம்பில் வைத்தேன். ஏகாம்பரம் கறுப்பு முனையைப் பாட்டரி மைனஸில் பிடித்துக்கொண்டார். தேன்மொழி கேபினில் உட்கார்ந்தாள்.

"எங்கிருந்து எங்கே வரைக்கும்னு சத்தமா சொல்லிடறேன்" என்றேன். "எஞ்சினிலிருந்து, பாட்டரி மைனஸ் வரைக்கும். சுத்தும்மா."

மூன்று நொடி. 4.3 வோல்ட். கால் வோல்ட்டுக்குமேல் இருக்கக் கூடாத இடம்.

முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினோம். பட்டை வயரின் எஞ்சின் பக்கம் சரி. பாட்டரிப் பக்கம் சரி. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள இரும்புத் தகட்டில், பட்டை வயரை இறுக்கியிருந்த ஒரே ஒரு போல்ட்டில் மட்டும் நான்கு வோல்ட் நின்றது. கழற்றினோம். வயர் முனையின் வளையத்துக்கு அடியில் அழகான நீலம். மின்சாரத்தை விடாத பவுடர் கோட்டிங், ஒரு கீறல் இல்லாமல். மின்சாரம் போல்ட்டின் மரை வழியாக மட்டும் பிதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. அதிர்வில் அந்த போல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தால் அதுவும் போயிருக்காது.

ஏகாம்பரம் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "கலர் போவக் கூடாதுன்னு நான்தான் சார் சுரண்டாம வுட்டேன். சுரண்டச் சொல்லி புக்குல போட்டிருந்தான். மனசு வரல."

"எனக்கும் நோட்டுல கட்டம் போட்டிருந்தது" என்றேன்.

"ரெண்டு பேரும் நல்லா சேர்ந்தீங்க" என்றார் மல்லிகா. உப்புத்தாள் எடுத்து வந்து கணவர் கையில் திணித்தார். "சுரண்டு. உன் கையாலேயே சுரண்டு."

ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாக, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டினார். ஒவ்வொரு இழுப்புக்கும் முகம் சுளித்தது. பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்கி, ஈரம் ஏறாமல் கிரீஸ் தடவினோம். மறுபடி சுற்றினாள். ஸ்டார்ட்டர் முனகவில்லை, சிலிர்த்துக்கொண்டு சுற்றியது. 0.2 வோல்ட்.

ஏகாம்பரம் வாயைத் திறக்கும் முன் நான் விமானத்தின் பதிவேட்டைக் கேட்டேன். அதில் எழுதினேன்: 'பலகை வோல்ட் மீட்டர் பழுது என்று நான் சொன்னது தவறு. மீட்டர் சரி. கறுப்பு முனையை எஞ்சினில் வைத்து அளந்தேன். மைனஸ் வழியை அளக்கவில்லை.' கையெழுத்து, நேரம் காலை 11.40. தேன்மொழி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"இதெல்லாம் எழுதணுமா அங்கிள்? சரி பண்ணிட்டீங்களே."

"எழுதிட்டா முடிஞ்சுபோச்சு" என்றேன். நடுக் கட்டத்தின் கதையையும், கண்டக்டர் சாரையும், பத்து மேற்படியையும் சொன்னேன். மல்லிகாவுக்கு மேற்படி கதைதான் பிடித்தது. கடை பில்லில் அவரும் அதைத்தான் எழுதுகிறாராம். உள்ளே போய் நான்கு வடையோடு வந்தார். யாரும் அவரிடம் வடைக் கதையைச் சொல்லியிருக்கவில்லை, பதினொரு மணிக்கு அந்தக் கடையில் வடை வருவது வழக்கம். எனக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கொடுத்தார். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

லாரி பன்னிரண்டரைக்குக் கிளம்பியது. மறுநாள் டாக்டரிடம் போனேன். டோக்கன் முப்பத்தொன்று.

அடுத்த நான்கு நாளும் போனை மூன்று தரம் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்து வைத்தேன். நாலாவது நாள் காலை ஒன்பதே காலுக்கு ஏகாம்பரத்திடமிருந்து ஒரு படமும் ஒரு குரல் செய்தியும் வந்தன. முதலில் படத்தைத் திறந்தேன். விமானம் இல்லை, வானம் இல்லை. பதிவேட்டின் ஒரு பக்கம். பறப்பதற்கு முன்னால் ஓடுதளத்தில் எஞ்சினை ஓட்டி எடுத்த அளவுகள், தேன்மொழியின் கையெழுத்தில். மூன்று கட்டம் அவளே கோடு போட்டிருந்தாள். முதல் கட்டம் சிவப்பு மையில். நடுக் கட்டம் கறுப்பு மையில், ஒவ்வொரு வரியிலும் முழுதாக: பாட்டரி மைனஸ், பாட்டரி மைனஸ், பாட்டரி மைனஸ். பலகையில் 14.1. அதற்குக் கீழே ஒரு வரி: 'பறந்தது இருபத்திரண்டு நிமிடம். மீட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 14.1.'

இருபத்திரண்டு. எங்கள் மாடிப்படி.

பிறகு குரல் செய்தியைப் போட்டேன். பின்னால் யாரோ கைதட்டும் சத்தம், மல்லிகா அழுவதா சிரிப்பதா என்று தெரியாத ஒரு சத்தம். நடுவில் ஏகாம்பரம்: "சார், பொண்ணு எறங்கிட்டா. போட்டோ பாத்தீங்களா? நடு கட்டத்துல எண்ணிப் பாருங்க. பதினொண்ணு கீதா?"

எண்ணினேன். பதினொன்று இருந்தது.